ஞாயிறு அழைப்புக்கு முன்

ஜூலை 8, இரவு

மடிக்கணினியில் டெபியன் 11 (லினக்ஸ் வகை இயங்குதளம்) நிறுவி முடிந்தது. திரை, ஒலி, விசைப்பலகை எல்லாம் ஒழுங்காக இயங்குகின்றன. வைஃபை குறி மட்டும் மேல்பட்டியில் தோன்றவே இல்லை. பிணைய இணைப்புகளைப் பட்டியலிடும் ‘ஐபி லிங்க்’ கட்டளை, கணினி தன்னோடு தானே பேசிக்கொள்ளும் ‘லோ’ ஒன்றையே காட்டுகிறது. இந்த மடிக்கணினியில் லேன் துளையும் கிடையாது. ஞாயிறு அழைப்பை இதில்தான் எடுத்தாக வேண்டும்.

ஜூலை 9, காலை

வைஃபை தடுக்கப்பட்டிருக்கிறதா என்று காட்டும் ‘ஆர்எஃப்கில்’ கட்டளையைப் பார்த்தாயிற்று. பொத்தானாலும் மென்பொருளாலும் தடை எதுவும் இல்லை.

ஜூலை 9, பின்னிரவு

வைஃபை கார்டு பழுதாகிவிட்டதோ என்ற பயம் தீர்ந்தது. வன்பொருள்களைப் பட்டியலிடும் ‘எல்எஸ்பிசிஐ -கே’ கட்டளை, கார்டையும் அதற்குரிய கெர்னல் மாட்யூலையும் (அதை இயக்கும் டிரைவர்) பெயர் சொல்லிக் காட்டியது. பிறகு இயங்குதளத்தின் கருவான கெர்னலின் செய்திகளைக் காட்டும் ‘டிமெசேஜ்’ வெளியீட்டை வரிவரியாகப் படித்தபோது, ஃபர்ம்வேர் (சில்லுக்குள் ஓடும் நிரல்) ஏற்ற முடியவில்லை என்ற வரியும் அதன் முடிவில் -2 என்ற பிழை எண்ணும் கண்ணில் பட்டன. -2 என்றால் அப்படியொரு கோப்பே இல்லை என்று பொருள். இத்தகைய சில்லுகள் தமக்கான நிரலைத் தம்முள் நிரந்தரமாக வைத்திருப்பதில்லை. மின்சாரம் வரும் ஒவ்வொரு முறையும் டிரைவர்தான் அதை வட்டிலிருந்து எடுத்து ஏற்ற வேண்டும். அந்தக் கோப்புகள் கட்டற்ற உரிமத்தில் இல்லாததால் 11ஆம் பதிப்பின் வழக்கமான நிறுவியில் இடம்பெறவில்லை. 2022இல் டெபியன் உருவாக்குநர்கள் வாக்களித்து முடிவெடுத்த பின், 2023 ஜூனில் வந்த 12ஆம் பதிப்பு முதல் அவை நிறுவியிலேயே சேர்ந்து வருகின்றன. கட்டற்ற மென்பொருள் கொள்கையின் மீது எனக்கு ஆழ்ந்த மதிப்பு உண்டு; ஆயினும் இணையத்தை எட்டுவதற்கான கோப்பு இணையத்தில் மட்டுமே கிடைக்கும் நிலையில் ஒருவரை விட்டுவிடக் கூடாது என்பதால், அந்த முடிவு சரியானது என்றே கருதுகிறேன்.

ஜூலை 10

கைபேசியை யுஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங்கை (கைபேசியின் இணையத்தைக் கணினிக்குப் பகிர்வது) இயக்கியதும் ‘யுஎஸ்பி0’ என்ற இணைப்பு தோன்றி, தானாகவே முகவரியும் பெற்றது. மென்பொருள்களை எங்கிருந்து எடுப்பது என்று சொல்லும் சோர்சஸ் பட்டியலில் ‘நான்-ஃப்ரீ’ (கட்டற்ற உரிமத்தில் இல்லாதவை) என்ற சொல்லைச் சேர்த்து, ஃபர்ம்வேர் பேக்கேஜை நிறுவி, மாட்யூலை இறக்கி மீண்டும் ஏற்றினேன். அக்கம்பக்கத்து வைஃபை பெயர்கள் அனைத்தும் வரிசையாக வந்து நின்றன. எவ்வளவு நிம்மதி!

ஜூலை 11

வைஃபை இணைந்திருக்கிறது, ஒரு தளமும் திறக்கவில்லை. ரௌட்டரின் 192.168.1.1 முகவரி பிங்குக்கு (எட்டுகிறதா என்று கேட்கும் கட்டளை) பதில் தருகிறது, வெளியிலுள்ள 1.1.1.1 பதில் தருகிறது, பெயரைக் கொடுத்தால் மட்டும் மௌனம். ஆகவே பாதையில் குறையில்லை; பெயரை முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்தான் பதிலளிக்கவில்லை. எந்த டிஎன்எஸ்ஸைக் கேட்பது என்று குறித்திருக்கும் ‘ரிசால்வ்.கான்ஃப்’ கோப்பில் ரௌட்டரின் முகவரியே டிஎன்எஸ்ஸாக இருந்தது. அதே கேள்வியை ‘டிக்’ கட்டளையால் நேராக 1.1.1.1-இடம் (அது ஒரு பொது டிஎன்எஸ்) கேட்டதும் உடனே விடை வந்தது. அக்கோப்பில் கையால் எழுதினால் அடுத்த இணைப்பின்போது, இணைப்புகளை நிர்வகிக்கும் நெட்வொர்க்மேனேஜர் அழித்து எழுதிவிடும் என்பதால், இணைப்பின் அமைப்பிலேயே தானாக வரும் டிஎன்எஸ்ஸை ஏற்காதபடி மாற்றி 1.1.1.1-ஐக் கொடுத்தேன். இவ்வாறு அருகிலிருந்து தொலைவுக்கு ஒவ்வொரு படியாகக் கேட்டுக்கொண்டே போகாமல், ‘நெட் வரவில்லை’ என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் அழித்து மறுபடி நிறுவுவது வீண் உழைப்பு.

ஜூலை 12

சோதனை அழைப்பில் குரல் விட்டுவிட்டு வந்தது. இந்நிலையில் ஞாயிறன்று எப்படிப் பேசுவது?

ஜூலை 12, இரவு

ரௌட்டரைத் தொடர்ந்து பிங் செய்து பார்த்தேன்: 3 மில்லிவினாடி, 4, திடீரென்று 280, மறுபடி 3. இரண்டடி தூரத்தில் இருக்கும் ரௌட்டருக்கு இது பொருந்தாத எண். வைஃபை கார்டின் நிலையைக் காட்டும் ‘ஐடபிள்யூ’ கட்டளையில் மின்சேமிப்பு இயங்கிக்கொண்டிருப்பது தெரிந்தது. கார்டு இடையிடையே உறங்கி எழுகிறது. நெட்வொர்க்மேனேஜரின் அமைப்பில் ‘வைஃபை.பவர்சேவ்’ மதிப்பு 2 என்றால் நிறுத்து, 3 என்றால் இயக்கு. 2 என எழுதி, சேவையை மறுதொடக்கம் செய்தேன். எண்கள் ஐந்தைத் தாண்டவில்லை.

ஜூலை 13

மூடி திறந்து உறக்கத்திலிருந்து எழுப்பிய பிறகும் மின்சேமிப்பு அணைந்தே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கைபேசி கேபிளையும் மேசை மேலேயே வைத்திருக்கிறேன்.