காபூலிவாலாவைப் பற்றி ஒரு பருவக் கட்டுரை எழுதிய அனுபவம்

வேலை பார்த்துக்கொண்டே தமிழ் இலக்கியத்தில் பகுதிநேரப் பட்டப்படிப்பு படித்துவரும் எனக்கு, சென்ற பருவத்தில் வாய்த்த கட்டுரைத் தலைப்பு 'செவ்வியல் சிறுகதை ஒன்றில் பண்பாட்டுப் பன்மை' என்பதாகும். நான் தேர்ந்தெடுத்தது ரவீந்திரநாத் தாகூர் 1892-இல் எழுதிய 'காபூலிவாலா'. ஆப்கானிஸ்தானிலுள்ள தன் ஊரில் மகளை விட்டுவிட்டுக் கல்கத்தாவில் உலர்பழம் விற்கும் ரஹ்மத், ஐந்து வயது மினியிடம் பாசம் கொள்ளும் அந்தக் கதை, ஞாயிறுதோறும் சிங்கப்பூரின் தேக்காவில் கூடும் வெளிநாட்டு ஊழியர்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்நியமானதன்று.

உடை, உணவு, சமயம் என்று வேறுபாடுகளை அடுக்கிக்கொண்டே போனால் இத்தகைய கட்டுரையை எளிதில் நிரப்பிவிடலாம். ஜூலை 21, இன நல்லிணக்க நாளன்று பாரம்பரிய உடையில் வரிசையாக நின்ற பழக்கமோ என்னவோ, நம் பிள்ளைகளுக்கு அது கைவந்த கலை. அந்த வழியே வேண்டாம் என்று முடிவு செய்து, கதைமாந்தர் ஒவ்வொருவருக்கும் ஒரு தாளை ஒதுக்கி, ரஹ்மத்தை அவர் எப்படிப் பார்க்கிறார் என்பதை மட்டும் குறித்துக்கொண்டே வந்தேன்.

முதலில் நிரம்பியது மினியின் தாய்க்குரிய தாள். குழந்தைகள் கடத்தப்படுவதே இல்லையா, காபூலில் அடிமை வணிகம் இல்லையா, அவ்வளவு பெரிய ஆள் ஒரு சிறுமியைத் தூக்கிக்கொண்டு போக முடியாதா என்று அவள் கணவனிடம் கேட்கிறாள். 2008-இல் சிராங்கூன் கார்டன்ஸில் வெளிநாட்டு ஊழியர் தங்குவிடுதி அமையவிருந்தபோது குடியிருப்பாளர்கள் சொன்ன அச்சங்களுக்கும் இக்கேள்விகளுக்கும் உள்ள உறவை ஒரு பத்தியில் எழுதினேன். அதற்கு மேல் நீட்டினால் கதை பின்னுக்குப் போய்விடும் என்று விரிவுரையாளர் எச்சரித்திருந்தார், அது நியாயமும்கூட. தாகூர் ரஹ்மத்தைப் புனிதனாகக் காட்டவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டியிருந்தது: ராம்பூர் சால்வைக்குரிய கடனை மறுத்தவரைக் கத்தியால் குத்தித்தான் அவன் சிறைக்குப் போகிறான்.

மினியின் தந்தையின் தாளில்தான் நெடுநேரம் நின்றேன். எழுத்தாளரான அவர் கல்கத்தாவை விட்டு நகராதவர்; ரஹ்மத்தைக் கண்டதும் மலைகளையும் ஒட்டக வரிசைகளையும் கற்பனை செய்கிறார். தாயின் அச்சத்தைவிட இது மேன்மையாகத் தோன்றினாலும், இருவருமே அவனைப் பார்க்காமல் அவனது நாட்டையே பார்க்கிறார்கள் என்பதே என் வாதம். பல ஆண்டுகளுக்குப் பின், மினியின் திருமண நாளன்று, அவன் மார்பிலிருந்து எடுத்து மேசைமீது விரித்து நீவும் அழுக்குத் தாளில் கரி தடவிப் பதித்த ஒரு பிஞ்சுக் கையைக் கண்ட பிறகே, அவனும் தம்மைப் போல் ஒரு தந்தை என்பது அவருக்கு உறைக்கிறது.

வகுப்பில் கட்டுரையைப் படைத்தபோது, கப்பல் பட்டறையில் பணிபுரியும் சக மாணவர் ஒருவர் எழுந்து, மினியின் தந்தை திருமணத்துக்கான மின்விளக்கு அலங்காரத்தையும் இராணுவ வாத்தியத்தையும் குறைத்துப் பணம் கொடுத்து ரஹ்மத்தை ஊருக்கு அனுப்புவதில், அவன் கல்கத்தாவிலேயே வாழலாம் என்ற எண்ணமே எழவில்லையே என்றார். மகளைக் காணத் துடிப்பவனுக்கு வேறென்ன வேண்டும் என்று நான் மறுத்தேன்; ஆனால், அவனிடம் யாரும் கேட்கவில்லை என்பது உண்மைதான். சொல் வரம்பை ஏற்கெனவே தொட்டுவிட்டதால், அவரது மறுப்பை ஓர் அடிக்குறிப்பாக மட்டும் சேர்த்துக் கட்டுரையை ஒப்படைத்தேன்.