ஆறு மாதக் குடித்தனத்துக்கு ஒரு கல்லூரி ஊர்

சிதம்பரம்தான் என்று முடிவு செய்துவிட்டுத்தான் ஊர் பார்க்கவே கிளம்பினோம். என் கணவர் எம்.ஏ. வரலாறு படித்தது அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் அஞ்சல்வழிக் கல்வியில். பாடக்கட்டுகள் தபாலில் வந்தன, தேர்வைச் சென்னையிலேயே எழுதினார், பட்டமும் தபாலில் வந்தது. நானோ தபால் துறையில் முப்பத்து நான்கு வருடம் இருந்தவள். அந்த மாதிரிக் கட்டுகள் என் கையில் எத்தனை ஆயிரம் புரண்டிருக்கும் என்று கணக்கில்லை. பட்டம் கொடுத்த பல்கலைக்கழகத்தை ஒரு தடவைகூடப் பார்க்காத மனிதருக்கு, அறுபது தாண்டியதும் அந்த வளாகத்தில் காலை நடை போக வேண்டும் என்று ஆசை. சரி, பார்ப்போம் என்றேன்.

சென்னையை முழுதாக விட முடியாது. அம்பத்தூர் வீட்டில் மகன் குடும்பம் இருக்கிறது. கோடை விடுமுறையில் பேத்தி என் பொறுப்பு. அவருடைய இதய மருத்துவரும் சென்னையில்தான். ஆகவே வருடத்தில் பாதி இங்கே, பாதி அங்கே. அந்தப் பாதிக்குப் பெரிய நகரம் வேண்டாம், கிராமமும் வேண்டாம். பக்கத்தில் ஆஸ்பத்திரி, நடந்து போய் வாங்கக் காய்கறி, சாயங்காலம் போய் உட்கார ஒரு சொற்பொழிவோ கச்சேரியோ. இந்த மூன்றும் சேர்ந்து கிடைப்பது கல்லூரி ஊரில்தான் என்பது அவர் வாதம்.

2023 ஜனவரியில், ஆருத்ரா தரிசனத்துக்கு முந்தைய வாரம் போய் இருபது நாள் தங்கினோம். ஊர் எங்களை மயக்கிவிட்டது. ரயில் பாதைக்கு மேற்கே கோயில், கிழக்கே அண்ணாமலைநகர். 1929-ல் தொடங்கிய பல்கலைக்கழகம் என்பதால் மரங்களுக்கும் அந்த வயது. இசைத்துறைப் பக்கம் நடந்தால் ஏதாவது ஒரு ஜன்னலிலிருந்து மிருதங்கம் கேட்கும். கத்திரிக்காய் கொத்சுவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் இந்தக் கட்டுரை வேறு எங்கோ போய்விடும். இவர் மூன்றாம் நாளே தரகரிடம் பேச ஆரம்பித்துவிட்டார்.

மயக்கம் தெளிந்தது ரயிலில். சென்னையிலிருந்து நாலு, நாலரை மணி நேரம்தான் என்பதைப் பெரிய வசதியாக நினைத்திருந்தோம். ஆனால் ராத்திரி எழும்பூரில் ஏறினால் நடுநிசி தாண்டி, நல்ல தூக்கத்தில் இருக்கும்போது இறங்க வேண்டும். சோழன் எக்ஸ்பிரஸ் பகலில்தான் போகிறது, ஆனால் அதில் போனால் அந்தப் பகல் போய்விடும். வயதானவர்களுக்குப் பக்கத்து ஊரைவிட ஒரு முழுத் தூக்கத் தூரத்தில் இருக்கும் ஊரே மேல் என்று அன்றைக்குப் புரிந்தது. அந்த வருடம் ஐப்பசி மழையில் மறுபடி போனோம். நாங்கள் பார்த்துவைத்திருந்த வீட்டுத் தெருவில் கணுக்காலுக்கு மேல் தண்ணீர். கடலூர் மாவட்டத்துக்காரர்கள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. 2011-ல் தானே புயலையும் 2015 வெள்ளத்தையும் பார்த்தவர்களுக்கு இதெல்லாம் ஒரு மழையா? இதைச் சொல்கிற நான் சென்னைக்காரி. அதே வருடம் டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அம்பத்தூரில் மாடியில் உட்கார்ந்துகொண்டு பால் பாக்கெட்டுக்குக் காத்திருந்தேன்.

அங்கே கற்றுக்கொண்ட இன்னொரு விஷயம் வாடகைக் கணக்கு. கல்லூரியை ஒட்டிய தெருக்களில் வீட்டுக்கு வாடகை கிடையாது, தலைக்குத்தான் வாடகை. ஒரு வீட்டுக்காரர் எங்களிடம் நேராகவே சொன்னார்: “ஆறு பசங்களை வச்சா தலைக்கு ரெண்டாயிரத்து ஐந்நூறு வருதும்மா. நீங்க ரெண்டு பேர்தானே?” கோபித்துக்கொள்ள என்ன இருக்கிறது? கணக்குச் சரிதான். கல்லூரி வாசலிலிருந்து இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளித் தேட வேண்டும், அவ்வளவுதான்.

காரைக்குடியை இடையில் பார்த்தோம், அந்தப் பங்குனியில், கம்பன் விழா சமயம். சா. கணேசன் 1939-ல் தொடங்கியது. கூட்டத்தில் என் பக்கத்திலிருந்த எண்பது வயதுப் பெரியவர், மேடையில் பேச்சாளர் பாட்டை எடுத்ததும் உதட்டசைத்து முன்னாலேயே முடித்துக்கொண்டிருந்தார். இவருக்கு அந்த ஊரின் கதையும் பிடித்துப்போனது. 1947-ல் ஒரு கூட்டத்தில், கல்லூரி தொடங்க யாராவது முன்வர வேண்டும் என்று சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் லட்சுமணசுவாமி முதலியார் கேட்க, அங்கேயே எழுந்து ஒரு லட்சம் தருகிறேன் என்றாராம் அழகப்பச் செட்டியார். பிறகு மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். சம்பை ஊற்றுத் தண்ணீர் அப்படி ஒரு இனிப்பு. அப்புறம் ஏன் வேண்டாம் என்றோம்? ஊர் விரிந்து கிடக்கிறது. இருட்டிய பிறகு ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போக வண்டி வேண்டும். எனக்கு ஓட்டத் தெரியாது, இவர் ஓட்டுவது எனக்குப் பிடிக்காது. தரகர் காட்டிய பழைய வீட்டுப் பகுதியில் முகப்பு, வளவு எல்லாம் பார்க்க அழகுதான். ஆனால் அந்த முற்றத்தைத் தினம் பெருக்கப்போவது யார் என்று யோசித்தேன். பதில் எனக்குத் தெரியும்.

பாளையங்கோட்டை எங்கள் பட்டியலிலேயே இல்லை. என்னோடு வேலை பார்த்த தோழியின் மகள் கல்யாணத்துக்காக 2024 தை மாதம் போனோம். நாலு நாள் போனது பதினைந்து நாளாயிற்று. தென்னிந்தியாவின் ஆக்ஸ்ஃபோர்டு என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்லும்போது சிரிப்பு வரும். காலை எட்டரை மணிக்கு முருகன்குறிச்சியில் ரோட்டைக் கடக்க நின்றால் சிரிப்பு நின்றுவிடும். அத்தனை நிறச் சீருடைகள். தூய யோவான் கல்லூரி 1878-லிருந்தும், சாராள் தக்கர் 1895-லிருந்தும், தூய சவேரியார் 1923-லிருந்தும் இருக்கின்றன. பார்வையற்றோர் பள்ளியும் காது கேளாதோர் பள்ளியும்கூட இங்கே பழையவை. ஒரு சாயங்காலம் டீக்கடை வாசலில் இரண்டு பையன்கள் கைகளாலேயே பயங்கரமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். டீ மாஸ்டர் நடுவில் புகுந்து, அவரும் கைகளாலேயே ஏதோ சொல்ல, இருவரும் சிரித்துவிட்டார்கள். என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். “அது அவங்களுக்குள்ள, அம்மா” என்று டம்ளரை நீட்டினார்.

அந்த ஊரை நான் தேர்ந்தெடுத்தது அதற்காக இல்லை. ஜூனில் ஆயிரக்கணக்கான அந்நியர்கள் பெட்டியோடு வந்து இறங்குவதும், ஏப்ரலில் பூட்டிவிட்டுப் போவதும் இந்த ஊருக்குப் பழக்கம். பாதி நாள் இருந்து பாதி நாள் காணாமல் போகிறவர்களைச் சந்தேகமாகப் பார்ப்பதில்லை. மெஸ்ஸில் அரைச் சாப்பாடு கேட்டால் ஏன் என்று கேட்பதில்லை. ஒரு மாதத்துக்கு மட்டும் பேப்பர் போடுங்கள் என்றால் போடுகிறார்கள். கல்லூரி ஊர் என்றால் நூலகம் என்று இவர் நினைத்திருந்தார். உண்மையில் கல்லூரி நூலகங்களில் வெளியாளுக்கு இடம் கிடைப்பது கஷ்டம். ஒரு கல்லூரி வாசலிலேயே நல்ல தமிழில் எங்களைத் திருப்பி அனுப்பினார்கள். கருத்தரங்குக்கு வாருங்கள் என்று கூப்பிடுகிறார்கள், அது வேறு. சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் துறை வழியாக வில்லுப்பாட்டைப் பற்றி நான் தெரிந்துகொண்டது, டிவியில் முப்பது வருடம் பார்த்ததைவிட அதிகம்.

வீடு தேடும்போது முதல் கேள்வியாக நாங்கள் கேட்டது வாடகை இல்லை, “2023 டிசம்பரில் தண்ணீர் எங்கே நின்றது?” என்பதுதான். அந்த டிசம்பர் 17, 18 மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. தாமிரபரணி கரை தாண்டிக் கொக்கிரகுளத்தில் கலெக்டர் அலுவலகம் வரைக்கும் வந்தது. வண்ணாரப்பேட்டையில் ஒரு வீட்டில், புது வெள்ளைக்குக் கீழே என் இடுப்பு உயரத்துக்குக் கோடு தெரிந்தது. வீட்டுக்காரர் மறைக்காமல் அவரே காட்டினார். நன்றி சொல்லிவிட்டு மேட்டுப்பக்கம், மகாராஜநகருக்கு வந்தோம். உழவர் சந்தை நடக்கிற தூரம்.

வாங்குவதா, வாடகையா என்று இரண்டு வாரம் சண்டை. அவருக்குச் சொந்த வீடு. எனக்குக் கவுன்ட்டர் புத்தி. ஒரு பேப்பரில் எழுதிக் காட்டினேன். பார்த்த ஃபிளாட் 42 லட்சம். முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம், 3 லட்சத்து 78 ஆயிரம் போனது போனதுதான். அந்த 42 லட்சத்தில் 30 லட்சத்தை மட்டும் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டால் 8.2 சதவீதத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 வட்டி. மாடிப் பகுதிக்கு வாடகை 9,000, வருடத்துக்கு 1,08,000. ஆறு மாதம் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கும் சேர்த்து வாடகை கொடுத்தாலும் வட்டியில் பாதிகூட ஆகவில்லை. இவர் பேப்பரை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ஒப்புக்கொண்டார் என்று அர்த்தம்.

வீட்டுக்கார அம்மாவுக்குத்தான் தயக்கம். “ஆறு மாசம் பூட்டிப் போட்டா வீடு செத்துப் போகும்லா?” என்றார். உண்மைதான். கரையான், குழாயில் காற்று, ஜன்னலில் புறா. கடைசியில் அவரே வழி சொன்னார்: “சாவியக் குடுத்துட்டுப் போங்க, வெள்ளிக்கிழம தோறும் தொறந்து வெளக்கு ஏத்தி வைக்கேன். வடகம் காயப் போட எனக்கும் மாடி வேணும்.” ஒப்பந்தத்தில் வடகத்தைத் தவிர மற்ற எல்லாம் எழுதியிருக்கிறது. 2017 வாடகைச் சட்டப்படி அதைப் பதிவும் செய்தோம். முன்பணம் மூன்று மாதம். சென்னையில் பத்து மாதம் கேட்டவர்களை நினைத்துக்கொண்டேன்.

மற்ற ஏற்பாடுகள் சுலபம். கேஸுக்கு 5 கிலோ சின்ன சிலிண்டர். மின்சாரம் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதால் நாங்கள் இல்லாத காலத்தில் பில் வருவதில்லை. ரேஷன் கார்டையும் வாக்காளர் அட்டையையும் மாற்றவில்லை. நவம்பர் வாழ்நாள் சான்றிதழைச் செல்போனில் முகத்தைக் காட்டி எங்கிருந்தும் கொடுக்கலாம். அங்கேயும் தண்ணீர் ஒரு தனி சௌகரியம்: துவரம்பருப்பு இரண்டே விசிலில் குழைகிறது. சென்னையில் ஐந்து.

குறை இல்லாமல் இல்லை. சித்திரை வெயில் தாங்காது, அப்போது நாங்கள் அங்கே இருப்பதும் இல்லை. ரயில் கட்டணத்தில் முதியோர் சலுகையை 2020 மார்ச்சில் நிறுத்தியவர்கள் திரும்பக் கொடுக்கவில்லை. வருடத்தில் நாலு தடவை இரண்டு பேர் போய்வருவது பெரிய செலவு. வந்தே பாரத் எட்டு மணி நேரத்துக்குள் கொண்டுபோய்விடுகிறது, ஆனால் எங்களுக்கு நெல்லை எக்ஸ்பிரஸ்தான். ஏறிப் படுத்தால் காலையில் திருநெல்வேலி, இறங்கிப் பல் விளக்கிவிட்டு இட்லி.

சிதம்பரத்தை இவர் முழுதாக விட்டுவிடவில்லை. மார்கழியில் ஒரு வாரம் லாட்ஜில் தங்கி, வளாகத்தில் நடந்து, கொத்சு சாப்பிட்டுவிட்டு வருகிறோம். புரட்டாசிக்குப் பாளை. தசராவுக்கு அம்மன் சப்பரங்கள் வரிசையாக வந்து நிற்பதைப் பார்க்க வேண்டும் என்று பேத்தியும் கிளம்புகிறாள். முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது, திறந்த அன்று காலையே உட்கார்ந்தேன். இரண்டு கீழ்ப் படுக்கை கிடைத்துவிட்டது, அவளுடையது வெயிட்டிங் லிஸ்டில் நிற்கிறது. வடகம் காய்ந்துவிட்டதா என்று வீட்டுக்கார அம்மாவுக்குப் போன் செய்ய வேண்டும்.