கியோட்டோவில் அந்தி நேரம்

கியோமிசு கோயிலில் இருந்து இறங்கும்போது மணி ஆறு. பகலில் நெருக்கித் தள்ளிய கூட்டம் கலைந்துவிட்டது. கடைகளை ஒவ்வொன்றாகச் சாத்துகிறார்கள். திருப்பத்தில் சட்டென்று யசாக்கா கோபுரம்! ஐந்து அடுக்கு, 46 மீட்டர், மரத்தால் ஆனது, 1440இல் திரும்பக் கட்டியது. கூரை விளிம்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருட்டில் கரைவதைப் பார்த்தபடி அப்படியே நின்றுவிட்டேன்.

அப்புறம் கியோன், கியோட்டோவின் பழைய கெய்ஷா (பாரம்பரிய ஆடல்பாடல் கலைஞர்கள்) பகுதி. ஷிரகாவா ஓடையோரம் வில்லோ மரக் கிளைகள் தண்ணீர்மேல் தொங்குகின்றன. தட்டிகளுக்குப் பின்னால் மஞ்சள் விளக்கு. தனியார் சந்துகளில் படம் எடுக்கத் தடை. மக்கள் குடியிருக்கும் இடம், தயவுசெய்து மதியுங்கள்.

இப்போது யசாக்கா ஆலயத்தில் இருக்கிறேன். இது இரவிலும் திறந்திருக்கும். நடுவில் நாட்டிய மேடை, அதைச் சுற்றி வரிசை வரிசையாகக் காகித விளக்குகள், ஒவ்வொன்றிலும் காணிக்கை தந்தவர் பெயர். அறைக்குத் திரும்ப மனசே வரவில்லை.