வலது பக்கம், அடியில்

மார்ச் 3
மருத்துவர் தோளை முழுச் சுற்று சுற்றிப் பார்த்தார். கீழிருந்து வீசும் காற்றில் மிதந்து பழகும் டனலுக்குப் போகலாம், பாராசூட்டோடு குதிக்க விமானம் இன்னும் வேண்டாம் என்றார். வேறு எதுவும் என் காதில் ஏறவில்லை.

மார்ச் 4
தூக்கம் இல்லை. கண்ணை மூடினால் வலது கை பின்னால் போகிறது. இடுப்புக்குக் கீழே, முதுகில் மாட்டும் பாராசூட் பையின், ரிக்கின், அடி ஓரத்தில் தேடுகிறது. பாராசூட்டை விரிக்க இழுக்கும் பந்து இல்லை. மறுபடி தேடுகிறது. இல்லை.

மார்ச் 9
என் ரிக்கையே மாட்டிக்கொண்டு டனலுக்குள் போகலாமா என்று பயிற்சியாளரிடம் கேட்டேன். முடியாது என்பார் என்று தெரியும். ஏன் என்பதை அவர் வாயால் கேட்க வேண்டும்போல் இருந்தது.

"வானத்துல பாராசூட் விரிஞ்சா வேகம் குறைஞ்சு மெதுவா இறங்கிடுவீங்க. இங்க காத்து நிக்காதே" என்றார்.

கண்ணாடி அறையைக் காட்டினார். நான்கைந்து மீட்டர் அகலம்தான் இருக்கும். அதற்குள் பந்தோடு கட்டிய குட்டிப் பாராசூட், பைலட் சூட், மட்டும் நழுவி வெளியே வந்தால் போதும், பாராசூட் முழுவதையும் உருவிவிடும். கீழிருந்து மணிக்கு 190 கிலோமீட்டர் வேகத்தில் வரும் காற்று அதை அள்ளிக்கொண்டு மேலே போகும், ஆளையும் சேர்த்து. கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் உடனே நிறுத்தினாலும் அவ்வளவு பெரிய விசிறிகள் அந்த நொடியே நின்றுவிடாது.

அப்புறம் சைப்ரஸ் பற்றிப் பேச்சு வந்தது. அவசரத்துக்கு இருக்கும் இரண்டாவது பாராசூட்டை, ரிசர்வை, தானாகவே திறக்கும் கருவி அது. அந்தக் கருவிக்குக் கண் கிடையாது. காற்றழுத்தத்தை வைத்துத்தான் உயரத்தையும் வேகத்தையும் கணக்கிடுகிறது. சுமார் 225 மீட்டர் உயரத்திலும் நொடிக்கு 35 மீட்டருக்கு மேல் விழுந்துகொண்டிருந்தால் ரிசர்வை மூடியிருக்கும் கயிற்று வளையத்தை வெட்டிவிடும். விசிறி ஓடும்போது டனலுக்குள் அழுத்தம் மாறுகிறது. அதை அந்தக் கருவி என்னவென்று எடுத்துக்கொள்ளும் என்று சோதித்துப் பார்க்கும் இடம் இது இல்லை. அந்தக் கருவி இல்லையென்றால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். அதனால்தானோ என்னவோ, அதைப் பற்றி அவர் சொன்னதை ஒரு சொல் விடாமல் கேட்டேன்.

"அணைத்து வைத்துவிட்டால்?"

அணைத்தாலும் ஆபத்து போகாது என்றார். புதிதாகப் பறப்பவர் சுவரில் முதுகை உரசாமல் இருக்க மாட்டார். உரசினால் மூடிமடிப்பு திறக்கும், உள்ளே ரிக்கை மூடிவைத்திருக்கும் ஊசி நகரும்.

எனக்குத் தரப்போவது பாராசூட்டே இல்லாத ரிக். மெயினும் இல்லை, ரிசர்வும் இல்லை, கருவியும் இல்லை. உள்ளே நுரைப்பஞ்சு. மார்புப் பக்கத்துப் பிடிகள் இரண்டையும் அசையாதபடி தைத்துவிட்டார்கள். வலது பக்கம் அடியில் இருக்கும் குட்டிப் பந்து மட்டும் வரும், ஒரு சாண் கயிற்றோடு.

மார்ச் 10
அந்தப் பந்து போதும்.

மார்ச் 14
இன்று மாட்டினேன். காற்றில் இருந்தது மொத்தம் பத்து நிமிடம், இரண்டிரண்டு நிமிடமாக. மாட்டுவதற்கே அரை மணி நேரம் ஆனது.

முதலில் கால்பட்டைகள், பிறகு மார்புப்பட்டை. இறுக்கிய பிறகு மிஞ்சும் நுனிகளை மடித்து எலாஸ்டிக்குக்குள் செருக வேண்டும். வானத்தில் இதைப் பெரிதாக நினைத்ததில்லை. இங்கே நுனி நழுவினால் சாட்டைதான், கழுத்திலும் தாடையிலும் அடித்துக்கொண்டே இருக்கும். பயிற்சியாளர் முன்னால் பார்த்தார், பின்னால் பார்த்தார், மறுபடி முன்னால் வந்து ஒவ்வொரு பட்டையையும் இழுத்துப் பார்த்தார். ஷூ லேஸை உள்ளே தள்ளச் சொன்னார். காதடைப்பு, கண்ணாடி, ஹெல்மெட். மணிக்கட்டில் இருந்த உயரமானியையும் கழற்றச் சொன்னார். கெட்டியான பொருள், சுவரிலோ இன்னொருவர் முகத்திலோ படலாம். இந்த அறையில் உயரம் என்று ஒன்றும் கிடையாது. இருந்தாலும் மணிக்கட்டு வெறுமையாக இருந்தது பயமாக இருந்தது.

உள்ளே சாய்ந்ததும் நேராக அடியில் இருக்கும் வலையில் போய்ப் படுத்துவிட்டேன். முதுகில் பாரம் ஏறியதால் பழைய காற்று போதவில்லை. வேகத்தைக் கூட்டிய பிறகுதான் எழும்பினேன். தலையைத் தூக்கினால் ஹெல்மெட் ரிக்கின் மேல் விளிம்பில் இடித்தது. அவர் தாடையைத் தூக்கச் சொல்லிச் சைகை காட்டிக்கொண்டே இருந்தார். பந்தைத் தேட விடவில்லை.

மார்ச் 15
தோள் வலி. ஐஸ் வைத்தேன். பழைய வலி இல்லை, நிச்சயமாக இல்லை.

மார்ச் 21
கையைப் பின்னால் கொண்டுபோனதும் உடல் சுழன்று சுவரில் மோதியது. நான்கு தடவையும் அப்படியே. வெளியே வந்து வீடியோவில் பார்த்தால் வலது கை போகிறது, இடது கை இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஒரு பக்கம் காற்றைப் பிடிக்கக் கை இருக்கிறது, மறுபக்கம் இல்லை. திரும்பாமல் என்ன செய்யும்? வலது கை பின்னால் போகும் அதே நேரத்தில் இடது கை தலைக்கு முன்னால் வர வேண்டும்.

அன்றைக்கும் இடது கை இருந்த இடத்திலேயே இருந்திருக்கிறது. பந்து அங்கேதான் இருந்திருக்கிறது.

மார்ச் 22
பந்து அங்கேதான் இருந்திருக்கிறது.

மார்ச் 28
உள்ளே போகும் முன் என் பையிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்தார். நான் தடவிப் பார்த்து ஒன்றுமில்லை என்று சொன்ன அதே பை. அந்த ஜிப்பைத் திறந்துகூடப் பார்க்கவில்லை நான். எனக்கு முன்னால் பதினைந்து வயதுப் பையன் ஒருவன் பறந்துகொண்டிருந்தான். அவன் முகத்துக்கு நேராக அந்தச் சாவி... அவர் திட்டவில்லை. சாவியை என் உள்ளங்கையில் வைத்துவிட்டு, முதலிலிருந்து எல்லாவற்றையும் சரிபார்த்தார். இனி ஜிப்பைத் திறந்து துணியை வெளியே இழுத்துப் பார்க்காமல் ஒன்றுமில்லை என்று சொல்ல மாட்டேன்.

ஏப்ரல் 4
பதினான்கு தடவையில் பதினொரு தடவை பந்து வந்தது. இடது கை தானாகவே வருகிறது!

ஏப்ரல் 6
ரிசர்வ் மடித்து வந்துவிட்டது. சைப்ரஸில் புது வெட்டுமுனை போட்டிருக்கிறார்கள். என் ரிக்கை மாட்டிக் குப்புறப் படுத்து, இழுக்காமல், பந்தைத் தொட்டு மட்டும் பார்த்தேன். இதில் பந்தைச் செருகியிருக்கும் பை இறுக்கம் அதிகம். டனல் ரிக்கில் பந்து வழுக்கிக்கொண்டு வந்துவிடும், இதில் அப்படி வராது. ஒரு மாதமாகக் கை தப்பான எடையைப் பழகியிருக்கிறதா? தேடிக் கிடைத்த பிறகும் வரவில்லை என்றால்? சாப்பிடப் பிடிக்கவில்லை.

ஏப்ரல் 7
பயிற்சியாளரிடம் சொன்னேன். "நல்ல வேளை, இப்பவே சொன்னீங்க" என்றார். டனல் ரிக்கின் பையை இறுக்கித் தைக்கக் கொடுத்திருக்கிறார்.

ஏப்ரல் 11
பன்னிரண்டில் பன்னிரண்டு. இறுக்கிய பையில்.

ஏப்ரல் 12
மருத்துவர் சரி என்றார்.

ஏப்ரல் 18
ஒரே மேகம். விமானம் கிளம்பவில்லை. ரிக்கை இன்னும் கழற்றவில்லை நான்.