கணக்குப்பிள்ளை, பார்வத்தியார், ஊழியக்காரர்: குமரி மாவட்டத்துப் பழைய ஆதாரங்களில் உத்தியோகப் பெயர்கள்

முன்னோரைத் தேடுகிறவர்களுக்குப் பழைய ஆதாரத்தின் (நிலப் பத்திரத்தின்) நகல் வாங்குவது பெரிய காரியமில்லை. சார்பதிவாளர் அலுவலகத்தில் வருடமும் நம்பரும் எழுதி மனுப்போட்டால் கிடைத்துவிடும். முன்னோர் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் உத்தியோகப் பெயர்தான் ஆளை அலையவைக்கிறது.

என்னை அலையவைத்தது 'கணக்குப்பிள்ளை'. ஓர் அலுவலகத்தில் நகலைக் கையில் வாங்கிக்கூடப் பார்க்காமல், "கணக்குப்பிள்ளைன்னா கிராமக் கணக்கு பார்த்தவரு. ரெவின்யூ ரெக்கார்டுல தேடுங்க" என்று அனுப்பிவிட்டார்கள். குமரி அன்று திருவிதாங்கூர் ராஜ்யத்தில் இருந்ததால் திருவனந்தபுரம் ஆவணக் காப்பகம் வரை போய்த் தேடியும் பெயர் அகப்படவில்லை. எப்படி அகப்படும்? நான் தேடியவர் கடற்கரை ஊர்க்காரர், மாதாகோயில் கணக்குப்பிள்ளை. 1544-ல் சவேரியார் இந்தக் கரையோரம் வந்துபோன காலத்திலிருந்தே, சாமியார் இல்லாத ஊர்களில் ஜெபம் சொல்லிக்கொடுத்ததும் அவசர ஞானஸ்நானம் கொடுத்ததும் கோயில் கணக்குப்பிள்ளைமார்தான். தேட வேண்டிய இடம் பங்குப் பதிவேடு. அதில் கல்யாணச் சாட்சியாக ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தால் அநேகமாக அவர்தான் கணக்குப்பிள்ளை.

சர்க்கார் கணக்குப்பிள்ளையாக இருந்தால் பக்கத்திலேயே பகுதியின் (அன்றைய வருவாய்க் கிராமத்தின்) பெயரும் பார்வத்தியாரும் வருவார்கள். மலையாள எழுத்தில் 'ப்ரவர்த்திகாரர்' என்று இருப்பவரைத்தான் நம் ஊர்ப் பெரியவர்கள் பார்வத்தியார் என்கிறார்கள். கரம் (நிலவரி) பிரிப்பது, தண்டப்பேர் கணக்கு (யார் பெயரில் எந்த நிலம் என்ற கணக்கு) வைப்பது, போக்குவரவு (நிலம் கைமாறினால் பெயர் மாற்றம்) செய்வது எல்லாம் அவர் பொறுப்பு. ஏறக்குறைய இன்றைய கிராம நிர்வாக அலுவலர்.

'காரியக்காரர்' என்று கண்டால் முதலில் வருடத்தைப் பாருங்கள். ஆங்கிலேயரான கர்னல் மன்றோ திருவிதாங்கூர் திவானாக இருந்தது 1811 முதல் 1814 வரை. அதற்கு முன்பு காரியக்காரர் என்றால் மண்டபத்தும்வாதுக்கலின் (அன்றைய தாலூகாவின்) தலைவர்; வரி, காவல், வழக்கு எல்லாம் அவர் கையில். மன்றோ அந்த அதிகாரங்களைப் பிரித்து அவரைத் தாசில்தார் ஆக்கினார். அதற்குப் பிந்திய தாளில் காரியக்காரர் என்று வந்தால் கோயிலையோ பெரிய குடும்பத்தையோ நிர்வகித்தவராகவும் இருக்கலாம்.

அதிகம் வலிக்கிற பெயர் 'ஊழியக்காரர்'. பழைய சர்க்கார் தாளில் இதைக் காண்கிற சிலர் அரசு உத்தியோகம் என்று பெருமையாகக் குறித்துவைக்கிறார்கள். திருவிதாங்கூரில் ஊழியம் என்பது கூலி தராமல் கட்டாயப்படுத்தி வாங்கிய வேலை. அதே சொல் மிஷன் சபைப் புத்தகத்தில் இருந்தால் சபைப்பணி செய்தவர். தாள் எங்கிருந்து வந்தது என்று பார்க்காமல் பொருள் எழுதினால் அந்த மனிதருக்குச் செய்யும் அநியாயம்.

லண்டன் மிஷன் (இங்கிலாந்துப் புராட்டஸ்டன்ட் மிஷன் சங்கம்) உபதேசியார்களைத் தேடுகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சம்பளத்துக்குப் பணம் அனுப்பிய இங்கிலாந்து நன்கொடையாளரின் பெயரையே சிலருக்கு இட்டிருக்கிறார்கள். மிஷன் அறிக்கையில் ஆங்கிலப் பெயர், ஆதாரத்தில் வீட்டுப்பெயர், ஆள் ஒருவரே. மிஷன் தாள்கள் லண்டன் சோவாஸ் (SOAS) பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன.

'ஆசான்' என்றால் வர்ம வைத்தியர், அடிமுறை என்ற தற்காப்புக் கலை சொல்லிக்கொடுப்பவர், குடிப்பள்ளிக்கூட வாத்தியார், இவர்களில் யாராகவும் இருக்கலாம். வீட்டில் ஏடு மிஞ்சியிருந்தால் அதைப் பார்த்து முடிவு செய்யுங்கள். 'செண்பகராமன்' என்பது உத்தியோகமே இல்லை, ராஜா கொடுத்த பட்டம்.

ஆவணக் காப்பகத்துக்குப் போகிறவர்கள் கொல்லம் ஆண்டை (பழைய தாள்களில் இருக்கும் மலையாள ஆண்டை) எழுதிக்கொண்டு போங்கள். ஆவணி முதல் டிசம்பர் கடைசி வரை 824, ஜனவரி முதல் ஆடி முடிய 825 கூட்டினால் ஆங்கில ஆண்டு. 1076 ஆவணி என்றால் 1900; 1076 சித்திரை என்றால் 1901. தாலூகாவும் அன்றைய பெயரில் வேண்டும். இன்று கல்குளத்தில் இருக்கும் பல ஊர்கள் அன்று இரணியல் தாலூகா. கல்குளம் என்று மட்டும் எழுதிக்கொடுத்தால் இரணியல் கட்டு மேசைக்கு வராது. பழைய மலையாளக் கையெழுத்து வாசிக்கத் தெரிந்த ஒருவரையும் கூடவே கூட்டிக்கொண்டு போங்கள். களியக்காவிளை, குழித்துறைப் பக்கத்துப் பழைய ஆதார எழுத்துக்காரர்களிடம் விசாரித்தால் ஆள் கிடைக்கும்.