மூன்று விதத் தலைசுற்றலும் ஒரு நாற்பது பக்க நோட்டும்

ஒன்பது வயதில் எனக்குத் தொண்டைப்புண் வந்து, அது ஆறிய கொஞ்ச நாளில் மூட்டுக்கு மூட்டு வீங்கிக் காய்ச்சல் அடித்தது. ரூமாட்டிக் காய்ச்சல். மூட்டு வீக்கம் வடிந்துவிட்டது, ஆனால் போகிற போக்கில் இதயத்தின் மைட்ரல் வால்வைக் கெடுத்துவிட்டுப் போனது. மூன்று வாரத்துக்கு ஒரு பெனிசிலின் ஊசி என்று பல வருடம் ஓட்டினேன். 44 வயதில் ஒரு மாடி ஏறினாலே மூச்சு இரைக்க ஆரம்பித்ததும், இனி வால்வை மாற்றித்தான் ஆகவேண்டும் என்றார்கள்.

ஆபரேஷனைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. மயக்கத்தில் கிடந்தவளுக்கு என்ன தெரியும்? எனக்கு வைத்தது சித்ரா வால்வு. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் உருவாக்கி, 1990-இல் முதன்முதலாக ஒருவருக்குப் பொருத்தியது. உலோக வளையம், நடுவே திறந்து மூடும் பிளாஸ்டிக் தட்டு. ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு காது கொடுத்தால் ‘டிக், டிக்’ என்று கேட்கும். முதலில் பயமாக இருந்தது, அப்புறம் அதுவே தாலாட்டு ஆகிவிட்டது. இந்தச் சத்தம் பின்னால் எனக்கு ஒரு உதவி செய்தது.

வீட்டுக்கு வந்த நான்காம் நாள் காலையில் கட்டிலிலிருந்து எழுந்தேன். கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது, சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். “ரத்தம் இல்லட்டி உனக்கு” என்று அத்தை தீர்ப்புச் சொல்லிவிட்டு, அன்றிலிருந்து தினமும் முருங்கைக்கீரை கொடுக்க ஆரம்பித்தார். நாலைந்து நாள் இப்படிப் போனது.

ஆஸ்பத்திரியில் “தலை சுத்துது டாக்டர்” என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, “சுத்துதா, கண்ணைக் கட்டுதா, தள்ளாடுதா? மூணும் வேற வேற” என்றார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இத்தனைக்கும் தமிழில் கிறுகிறுப்பு, தலைசுற்றல், மயக்கம், தள்ளாட்டம் என்று ஒவ்வொன்றுக்கும் தனி வார்த்தை இருக்கிறது. நாம்தான் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி ‘தலை சுத்துது’ என்கிறோம். எப்போது வருகிறது, எப்படி வருகிறது, எவ்வளவு நேரம் இருக்கிறது என்று எழுதிக்கொண்டு வரச் சொன்னார். அந்த நாற்பது பக்க நோட்டு அப்படி வந்ததுதான்.

அன்றைக்கே பிரஷரை இரண்டு முறை பார்த்தார்கள். படுத்திருக்கையில் 116. எழுந்து மூன்று நிமிடம் நின்றதும் 88. விஷயம் அவ்வளவுதான். நீர் போக லாசிக்ஸ், துடிப்பை அடக்க மெட்டோபிரலால், தண்ணீர் ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர்தான் என்ற கட்டுப்பாடு. இதோடு திருநெல்வேலியின் மே மாத வெயில். உடம்பில் நீரே இல்லை. லாசிக்ஸைப் பாதியாக்கினார்கள், தண்ணீரைக் கொஞ்சம் கூட்டினார்கள். எழுந்திருக்கும்போது கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்து, பத்து எண்ணிவிட்டு நிற்கச் சொன்னார்கள். ஒரு வாரத்தில் சரியாகிவிட்டது.

கீரை விஷயம் மட்டும் வேறு பக்கம் போய் முட்டியது. உலோக வால்வு வைத்தவர்களுக்கு அதில் ரத்தம் உறையாமலிருக்க ஆயுசுக்கும் மாத்திரை உண்டு. எனக்கு அசிட்ரோம். ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் என்ற ரத்தப் பரிசோதனை எண் எனக்கு 2.5-க்கும் 3.5-க்கும் இடையில் இருக்க வேண்டும். கீரையில் உள்ள வைட்டமின் கே அந்த மாத்திரைக்கு நேர் எதிரி. எண் 1.6-க்கு இறங்கிவிட்டது. கீரையே கூடாது என்று டாக்டர் சொல்லவில்லை, வாராவாரம் ஒரே அளவாக இருக்கட்டும் என்றார். செவ்வாயும் வெள்ளியும் என்று முடிவானது. அத்தைக்கு அதில் பாதி சம்மதம்தான்.

மூன்றாவது வாரம் ஒரு ராத்திரி தூக்கம் கலைந்து கிடந்தேன். டிக் டிக் சத்தம் தாளம் தப்பி விழுந்தது. இரண்டு வேகமாக, ஒரு இடைவெளி, மூன்று அடுக்கடுக்காக. படுத்திருக்கும்போதே தலை லேசாகி மிதப்பது போல இருந்தது. நெஞ்சுக்குள் கோழிக்குஞ்சு படபடப்பது மாதிரி. மகளை எழுப்பினேன். பிரஷர் மெஷின் இரண்டு தடவை எரர் காட்டி, மூன்றாவது தடவை துடிப்பு 142 என்றது. விடியும்வரை காத்திருக்கலாமா என்று என் வீட்டுக்காரர் கேட்டார். மகள் அதற்குள் ஆட்டோவுக்குப் போன் போட்டுவிட்டாள்.

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்றார்கள். மேல் அறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்குவது. வால்வு ஆபரேஷனுக்குப் பிறகு இது நிறையப் பேருக்கு வருமாம். வெட்டுப்பட்ட இதயத்தைச் சுற்றி நீர் கோத்திருக்கிறதா என்று எக்கோ ஸ்கேனும் எடுத்தார்கள். கொஞ்சம்தான் இருந்தது. இரண்டு ராத்திரி ஐசியூ, ட்ரிப்பில் தாளத்தைச் சீராக்கும் ஆமியோடரோன் மருந்து, தாளம் திரும்பியது. மாத்திரையாகத் தொடரச் சொல்லி அனுப்பினார்கள்.

இங்கேதான் எனக்குக் கோபம். ஆமியோடரோன் சேர்ந்தால் அசிட்ரோமின் வேகம் கூடும், ஐஎன்ஆரை அடிக்கடி பார்க்க வேண்டும். இதை அங்கே யாரும் சொல்லவில்லை. கேட்க வேண்டும் என்று எங்களுக்கும் தெரியாது. பத்து நாள் கழித்துப் பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம் நிற்கவில்லை. கட்டில் முனையில் இடித்த தொடையில் கத்தரிக்காய் நிறத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் கன்றியிருந்தது. எண் 6.4. கடுமையான தலைவலி உண்டா, வாந்தி உண்டா, பேச்சு குழறுகிறதா என்று கேட்டுவிட்டு, இல்லை என்றதும் இரண்டு நாள் அசிட்ரோமை நிறுத்தி, அளவைக் குறைத்து, மூன்றாம் நாள் மறுபடி ரத்தம் எடுத்தார்கள். அதிலிருந்து எந்த டாக்டர் எந்தப் புது மாத்திரை எழுதினாலும், சளி மாத்திரை என்றாலும் சரி, “நான் அசிட்ரோம் சாப்பிடுறேன், இது சேருமா?” என்று கேட்காமல் எழுந்திருப்பதில்லை. கடையில் தலைவலிக்கென்று நானாக எதுவும் வாங்குவதுமில்லை.

மூன்றாம் மாதம் முடிந்த சமயம். வலப்பக்கம் புரண்டு படுத்தேன், ஃபேன், உத்தரம், ஜன்னல் எல்லாம் ராட்டினம் மாதிரி சுழன்றன. வாந்தி வந்தது. சத்தத்தைக் கேட்டேன், டிக் டிக் சீராகத்தான் இருந்தது. மெஷினில் பிரஷர் 118. ஆனாலும் வால்வில் ரத்தம் உறைந்து மூளைக்குப் போய்விட்டதோ என்று எல்லோருக்கும் கை நடுங்கியது. மறுபடி ஆட்டோ. ஈசிஜி, எக்கோ எல்லாம் எடுத்துவிட்டு நோட்டை வாங்கிப் பார்த்த டாக்டர், ‘புரண்டால் மட்டும், அரை நிமிடம், சுழற்சி’ என்று மகள் எழுதியிருந்ததில் விரலை வைத்தார். “இது காது.”

காது மூக்கு தொண்டை டாக்டர், ஆபரேஷனில் அறுத்த நெஞ்செலும்பு சேர்ந்துவிட்டதா என்று முதலில் கேட்டுக்கொண்டார். அப்புறம் தலையை ஒரு பக்கம் திருப்பிச் சட்டென்று படுக்க வைத்துக் கண்ணையே பார்த்தார். உள்காதில் இருக்கும் பொடிப்பொடியான சுண்ணாம்புத் துகள்கள் இடம் மாறிவிட்டனவாம், நிறைய நாள் படுக்கையில் கிடந்தவர்களுக்கு வருவதுண்டாம். தலையை இப்படியும் அப்படியும் மெதுவாகத் திருப்பி, புரட்டி, உட்கார வைத்தார். ஐந்து நிமிடம் கூட ஆகவில்லை. மாத்திரை இல்லை. இதற்கா உயில் எழுதுவது வரைக்கும் யோசித்தோம் என்று வரும் வழியெல்லாம் என் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே வந்தார்.

ஆமியோடரோன் நின்றுவிட்டது. போன மாதம் எண் 2.9. கீரை இப்போதும் செவ்வாய், வெள்ளிதான். நோட்டில் மகள் மூன்றுக்கும் நம்பர் போட்டு வைத்திருக்கிறாள். கண்ணைக் கட்டினால் ஒன்று, தாளம் தப்பினால் இரண்டு, சுழன்றால் மூன்று. வெயில் நாளில் குனிந்து கோலம் போட்டு நிமிர்ந்தால் இப்போதும் ஒரு கணம் இருட்டும். தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். “எத்தனாவது நம்பருட்டி?” என்று உள்ளேயிருந்து அத்தை கேட்பார்.

“ஒண்ணுதான் அத்தை.”

“அப்ப மோரு கொண்டாரேன்.”