இரண்டாம் வசனத்து மாஸ்டர்

மாஸ்டரிடம் வேதபாடம் படித்த எவரும் பத்துக் கட்டளையை மூன்றாம் வசனத்தில் தொடங்கமாட்டார்கள். அந்தக் கட்டளைகள் வரும் வேதாகமத்தின் யாத்திராகமம் 20ஆம் அதிகாரத்தை மனனமாகச் சொல்ல எழுப்பும்போது "என்னையன்றி உனக்கு வேறே தேவர்கள்" என்று வாயெடுத்தால், அந்த இடத்திலேயே இருத்திவிடுவார். ஏசமாட்டார், பிரம்பைத் தொடமாட்டார். "இரும். ஆர் சொன்னதெண்டு சொல்லாமல் என்ன சொன்னதெண்டு சொல்லக்கூடாது." அவ்வளவுதான். பத்தையும் பிழையில்லாமல் ஒப்புவிக்கக்கூடிய கெட்டிக்காரர்களே அதிகம் இருத்தப்பட்டார்கள். அந்த வெட்கத்தை மறக்காத பலர் நம் கல்லூரிப் பழைய மாணவர் சங்கத்தின் இந்த மலரைக் கையில் எடுப்பார்கள் என்று தெரியும்.

அவர் காலமானதையொட்டி ஒரு நினைவுக் கட்டுரை வேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டார்கள். தன் குணநலன்களைப் பட்டியலிடுவதை அவர் விரும்பியிருக்கமாட்டார். அவர் படிப்பித்ததை எழுதுவதே சரி.

அவர் பிடித்த இரண்டாம் வசனம் இது: "உன்னை அடிமைத்தன வீடாகிய எகிப்து தேசத்திலிருந்து புறப்படப்பண்ணின உன் தேவனாகிய கர்த்தர் நானே." இதில் கட்டளை எதுவும் இல்லை. ஆனால் பின்னால் வருகிற அத்தனை கட்டளையும் இதில்தான் தொங்குகிறது. கத்தோலிக்கப் பிள்ளைகளுக்குக் கொலை ஐந்தாம் கட்டளை, நமக்கு ஆறாவது. விடுதியில் இதை வைத்து வாக்குவாதம் நடக்கும். மாஸ்டர் அதில் நேரம் செலவழிக்கமாட்டார். பத்து என்ற தொகை யாத்திராகமம் 34:28இலும் உபாகமத்திலும் இருக்கிறது, எங்கே பிரிப்பது என்று மூலத்தில் இலக்கம் போடப்படவில்லை, யூதர்கள் இந்த இரண்டாம் வசனத்தையே முதலாவதாக எண்ணுகிறார்கள் என்று சொல்வார். அப்படி எண்ணுவது அவருக்கு மிகவும் பிடித்திருந்தது.

பாடம் தொடங்கும் விதம் எல்லோருக்கும் நினைவிருக்கும். கரும்பலகையின் நடுவே "கொலை செய்யாதிருப்பாயாக" என்று எழுதி, ஏன் என்று கேட்பார். மறியலுக்குப் போகவேண்டி வரும், பழிக்குப் பழி வரும், சமுதாயம் குலைந்துவிடும், மனச்சாட்சி உறுத்தும் என்று வகுப்பு சொல்லச் சொல்ல, எல்லாவற்றையும் இடது பக்கம் எழுதுவார். பிறகு ஒவ்வொன்றுக்கும் நேரே ஒரு கேள்வி. பிடிபடவே மாட்டான் என்றால்? செத்தவனுக்குப் பழிவாங்க ஒருவரும் இல்லையென்றால்? கொல்லச் சொல்வது அரசாங்கமே என்றால்? மனச்சாட்சி பழகி மரத்துப்போனால்? வெண்கட்டியால் ஒவ்வொன்றாகக் கோடு இழுத்தபின், வலது பக்கம் 20:2 என்று மட்டும் எழுதிவிட்டுக் கைதட்டித் தூசியை உதறுவார். இடது பக்கத்துக் காரணங்கள் பொய் என்று அவர் ஒருபோதும் சொல்லவில்லை. அவை கட்டளையால் வரும் நன்மைகள். கட்டளைக்கு அத்திவாரம் அவையல்ல. நன்மையை அத்திவாரமாக வைத்தால், மீறுவதில் அதைவிடப் பெரிய நன்மை கண்ட அன்றைக்குக் கட்டளை விழுந்துவிடும். தாவீது ராஜா, உரியாவின் மனைவியோடு செய்த பாவத்தை மறைக்க அவனைப் போர்முனையில் சாகவிட்டது அப்படித்தான். அந்தக் கணக்கில் தாவீதுக்கு எல்லாம் இலாபமாகவே இருந்தது. தீர்க்கதரிசி நாத்தான் வந்து கேட்டதோ, கர்த்தருடைய வார்த்தையை ஏன் அசட்டைபண்ணினாய் என்பது.

அடுத்த கிழமை எகிப்துக்குப் போவோம். இருபதாம் அதிகாரத்துக்கு முன்னால் பத்தொன்பது அதிகாரம் இருக்கிறது என்பது அவர் அடிக்கடி சொல்லும் வசனம். பன்னிரண்டில் ஆட்டுக்குட்டி, பதினான்கில் செங்கடல், பதினாறில் மன்னா, பத்தொன்பதில்தான் சீனாய் மலை. விடுதலை முதலில், கட்டளை பிறகு. இந்த ஒழுங்கு தலைகீழானால், கட்டளைகளைக் கைக்கொண்டு இரட்சிப்பைச் சம்பாதிக்கலாம் என்ற எண்ணம் வந்துவிடும். பிள்ளைகளிடம் மிக எளிதாக வரும் பிழை இதுதான் என்பார். அதற்கு நேர் எதிரான பிழையும் உண்டு: அதிகாரம் என்றால் வெறும் பலம் என்று நினைப்பது. அதற்காகவே ஐந்தாம் அதிகாரத்தை வாசிக்க வைப்பார். கர்த்தரின் வார்த்தையைக் கேட்கிறதற்கு அவர் யார் என்று எகிப்து ராஜாவான பார்வோன் கேட்கிறான். அதே அதிகாரத்தில் அவன் போடும் கட்டளை, வைக்கோல் தரமாட்டேன், செங்கல் தொகையும் குறையக்கூடாது என்பது. பார்வோனுக்கும் பலம் இருந்தது. ஆனால் அவன் கட்டளையில் ஓய்வு நாள் இல்லை.

ஓய்வு நாளில்தான் மாஸ்டரின் பாடம் மிக நுணுக்கமாகும். நாலாம் கட்டளை இரண்டு இடத்தில் இரண்டு காரணத்தோடு வருகிறது. யாத்திராகமம் 20:11இல் காரணம் சிருஷ்டிப்பு: ஆறு நாளில் வானத்தையும் பூமியையும் உண்டாக்கியவர் ஏழாம் நாளில் ஓய்ந்திருந்தார். உபாகமம் 5:14-15இல் காரணம் மீட்பு: நீ எகிப்தில் அடிமையாயிருந்தாய், கர்த்தர் உன்னைப் புறப்படப்பண்ணினார், ஆகவே உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போல ஓய்ந்திருக்கவேண்டும். கொப்பியில் இரண்டு பத்தி போட்டு இந்த இரண்டையும் எதிரெதிரே எழுத வைப்பார். உண்டாக்கியவர் என்பதால் அவருக்கு எல்லா மனிதர் மேலும் உரிமை உண்டு. மீட்டவர் என்பதால் தம் ஜனத்தின் மேல் இன்னொரு உரிமையும் உண்டு. ஒன்றை மட்டும் பிடித்தவர்கள் கடவுளைத் தூரத்து அரசனாக்கிவிடுவார்கள், அல்லது நன்றிக்கடன் கேட்கும் உபகாரியாக்கிவிடுவார்கள்.

1647இல் எழுதி முடிக்கப்பட்ட வெஸ்ட்மின்ஸ்டர் சிறிய ஞானோபதேசத்தின் (விசுவாசத்தைக் கேள்வி பதிலாகப் படிப்பிக்கும் நூல்) 44ஆம் கேள்வி இதைத்தான் கேட்கிறது: கட்டளைகளின் முகவுரை, அதாவது இந்த இரண்டாம் வசனம், நமக்குப் போதிப்பது என்ன? அவர் கர்த்தர், நம்முடைய தேவன், நம்முடைய மீட்பர். ஆகையால் அவருடைய எல்லாக் கட்டளைகளையும் கைக்கொள்ளக் கடமைப்பட்டிருக்கிறோம் என்பது பதில். மூன்று காரணம், ஒரு "ஆகையால்". சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் 1529இல் எழுதிய சிறிய ஞானோபதேசத்தில் ஒவ்வொரு கட்டளையின் விளக்கமும் தேவனுக்குப் பயந்து அவரை நேசிக்கவேண்டும் என்றே தொடங்கும். பயம் மட்டும் என்றும் இல்லை, நேசம் மட்டும் என்றும் இல்லை.

உயர்தர மாணவர்களுக்கு, இன்றைய துருக்கிப் பகுதியை முற்காலத்தில் ஆண்ட ஹித்தியரின் உடன்படிக்கைகளையும் சொல்வார். கிறிஸ்துவுக்கு முன் பதினாலாம், பதின்மூன்றாம் நூற்றாண்டுகளில் ஹித்திய அரசர்கள் சிற்றரசர்களோடு செய்த உடன்படிக்கைகள் களிமண் பலகைகளில் கிடைத்திருக்கின்றன. அமுரு நாட்டுச் சிற்றரசன் தூப்பி-தேசுப்போடு ஹித்தியப் பேரரசன் இரண்டாம் முர்சிலி செய்தது அவற்றுள் ஒன்று. முதலில் பேரரசன் தான் இன்னார் என்கிறான், அடுத்து உன் முன்னோருக்கு என்ன செய்தேன் என்கிறான், பிறகே நிபந்தனைகள். சீனாய் உடன்படிக்கை இதே அமைப்பில் இருப்பதை வேதாகம ஆய்வாளர் ஜோர்ஜ் மெண்டன்ஹால் 1954இல் எடுத்துக்காட்டினார். வடிவம் ஒன்றாக இருப்பதால் பொருளும் ஒன்றாகாது என்று எச்சரித்துவிட்டே மாஸ்டர் இதைச் சொல்வார். அக்காலத்துக் காது எதைக் கேட்டிருக்கும் என்று நாம் அறியவேண்டும் என்பது அவர் எண்ணம்.

எனக்கு எல்லாவற்றிலும் அருமையாகப் படுவது லேவியராகமம் 19. அந்த அதிகாரத்தில் "நான் கர்த்தர்" என்ற முத்திரை பதினைந்து இடங்களில் விழுகிறது. எங்கே விழுகிறது என்று பார்க்கச் சொல்வார். அறுவடையில் வயலின் ஓரத்தை எளியவனுக்கு விடச் சொன்ன இடத்தில். நரைத்தவனுக்கு முன்பாக எழுந்திருக்கச் சொன்ன இடத்தில். தராசு, நிறைகல், மரக்கால், படி சரியாக இருக்கவேண்டும் என்ற இடத்தில். அங்கே எகிப்தும் கூடவே வருகிறது. பதினாலாம் வசனத்தைப் பாருங்கள்: "செவிடனை நிந்தியாமலும், குருடனுக்கு முன்னே தடுக்கலை வைக்காமலும், உன் தேவனுக்குப் பயந்திருப்பாயாக, நான் கர்த்தர்." திட்டினால் செவிடனுக்குக் கேட்காது. கல்லை வைத்தது யாரென்று குருடனுக்குத் தெரியாது. முறைப்பாடு செய்ய ஆளில்லை, சாட்சியில்லை, தண்டனையில்லை. இந்த இரண்டு குற்றத்தையும் தடுக்கக்கூடிய காரணம் அந்த வசனத்தின் கடைசி இரண்டு சொல் மட்டுமே. பத்தாம் கட்டளையும் இந்த இனம்தான். பிறன் பொருளை இச்சித்த மனத்தை எந்த நீதவான் விசாரிப்பார்? உள்ளத்தைப் பார்க்கிறவரே அப்படி ஒரு கட்டளையைப் போடமுடியும்.

பிடித்ததைக் கைக்கொண்டு மற்றதை விடுகிறவர்களுக்கு யாக்கோபு 2:11: "விபசாரஞ்செய்யாதே என்று சொன்னவர் கொலைசெய்யாதே என்றும் சொன்னார்." யாக்கோபு கட்டளைகளின் கனத்தை ஒப்பிடவில்லை, சொன்னவர் ஒருவரே என்கிறார். ஆகவே ஒன்றில் தவறுவது ஒரு விதியோடு முடிகிற காரியமில்லை, அந்த ஒருவரோடு உள்ள உறவில் விழும் காயம்.

கடைசி வாங்கில் ஒரு கேள்வி ஒவ்வொரு வருடமும் எழும்பும். கடவுள் கொலை செய் என்று சொல்லியிருந்தால் அது நல்லதாகிவிடுமா சேர்? இந்தக் கேள்விக்கு அவர் கோபித்ததில்லை. ஆதியாகமம் 18:25ஐ எடுக்கச் சொல்வார். "சர்வலோக நியாயாதிபதி நீதிசெய்யாதிருப்பாரோ" என்று ஆபிரகாம் கடவுளுக்கு முன்னால் நின்று கேட்கிறார், கடவுள் அதைத் துணிச்சல் என்று தள்ளவில்லை. நன்மை கடவுளுக்கு வெளியே இருந்து அவரைக் கட்டுப்படுத்தும் சட்டமில்லை. அவர் நினைத்தபடி மாற்றக்கூடிய விருப்பமும் இல்லை. அது அவருடைய சுபாவம். "நான் பரிசுத்தர்" என்று தொடங்கித்தான் லேவியராகமம் 19 நம்மைப் பரிசுத்தராயிருக்கச் சொல்கிறது. ஆபிரகாமின் மகன் ஈசாக்கைப் பலியிடச் சொன்ன ஆதியாகமம் 22ஆம் அதிகாரம் அப்போது எங்கே போகும் என்று கேட்பவர்களிடம், அந்த அதிகாரம் கடினம், முடிவுவரை வாசியும், கத்தியை நிறுத்தியவர் யாரென்று பாரும் என்பார்.

இந்தப் பாடத்தின் மறுபக்கம் நம்மூரின் கெட்ட காலத்தில்தான் விளங்கியது. துவக்கோடு வந்த ஒவ்வொருவரும் கட்டளை போட்ட வருடங்கள் அவை. அப்போது மாஸ்டர் யாத்திராகமம் முதலாம் அதிகாரத்தை எடுத்தார். ஆண்குழந்தைகளைக் கொல்லச் சொன்ன ராஜாவின் கட்டளையை மருத்துவச்சிகளான சிப்பிராளும் பூவாளும் நிறைவேற்றவில்லை; காரணமாக வேதம் சொல்வது, அவர்கள் தேவனுக்குப் பயந்ததால் என்பது. பிறகு அப்போஸ்தலர் 5:29, மனுஷருக்குக் கீழ்ப்படிவதைவிடத் தேவனுக்குக் கீழ்ப்படிவதே அவசியம். கடவுளுக்கு அதிகாரம் உண்டென்றால் மற்ற எல்லா அதிகாரத்துக்கும் எல்லை உண்டு: அரசன், தளபதி, அதிபர், தகப்பன், வேதபாட ஆசிரியர் உட்பட. "நான் சொல்லுறதையும் இந்தப் புத்தகத்தோட வைச்சுப் பாருங்கோ" என்பார். கீழ்ப்படியப் படிப்பித்தவரே எங்கே மறுக்கவேண்டும் என்றும் படிப்பித்தார்.

இன்று லண்டனிலும் ரொறன்ரோவிலும் நம் பிள்ளைகளுக்கு ஞாயிறு பாடசாலையும் திடப்படுத்தல் வகுப்பும் நடக்கின்றன. பத்துக் கட்டளை சுவரில் வண்ணத்தில் தொங்குகிறது. பெரும்பாலும் மூன்றாம் வசனத்திலிருந்து, அதுவும் சுருக்கி. பிள்ளை ஏன் என்று கேட்டால் நம் வாயில் வருவது, எங்கட ஆக்கள் இப்படிச் செய்யிறதில்லை என்பது. பதினைந்து வயதில் அந்தக் காரணம் உதிர்ந்துவிடுகிறது, கட்டளையும் கூடவே போகிறது. படிப்பிக்கிறவர்கள் முதல் இரண்டு வகுப்பையும் கட்டளையே சொல்லாமல் யாத்திராகமம் 1 முதல் 19 வரை கதையாகக் கொண்டுபோகலாம், மூன்றாம் வகுப்பு முழுவதையும் இரண்டாம் வசனத்துக்குக் கொடுக்கலாம். முதலாம் கட்டளை நாலாம் வகுப்பில் வந்தால் போதும். கேள்விகளை அடக்கக்கூடாது. ஆங்கிலத்தில் கேட்டால் ஆங்கிலத்திலேயே பதில் சொல்லலாம். மாஸ்டரின் கையெழுத்துக் குறிப்புகளை ஊரை விட்டு வரும்போது எவரும் கொண்டுவரவில்லை. பழைய கொப்பிகள் இடம்பெயர்வுகளில் போய்விட்டன. அவர் இருந்தபோதே யாராவது கேட்டு எழுதியிருக்கலாம்.

ஐந்தாம் கட்டளையில் இந்த வருத்தம் இன்னும் கனக்கிறது. கர்த்தர் கொடுக்கிற தேசத்திலே நாட்கள் நீடித்திருப்பதற்காகத் தகப்பனையும் தாயையும் கனம்பண்ணச் சொன்ன கட்டளை அது. நாமோ தேசத்தையும் தாய் தகப்பனையும் ஒன்றாக விட்டு வந்தவர்கள். எபேசியர் 6இல் பவுல் இதை எடுத்துச் சொல்லும்போது கர்த்தர் கொடுக்கிற தேசம் என்ற பகுதியை எடுக்காமல், பூமியிலே வாழ்நாள் நீடித்திருக்கும் என்கிறார். எந்தத் தேசத்தில் இருந்தாலும் கட்டளை கூடவே வருகிறது. மாற்கு 7இல் இயேசு சொல்லும் கொர்பான் விஷயமும் நமக்கு நேரானது: பெற்றோருக்குச் சேரவேண்டியதைக் காணிக்கை என்று அறிவித்துவிட்டு அவர்களுக்கு ஒன்றும் செய்யாமல் விடுகிறவன், தேவனுடைய கட்டளையைத் தன் பாரம்பரியத்தால் அவமாக்குகிறான். கனம்பண்ணுவதில் பராமரிப்பும் செலவும் அடங்கும் என்பதற்கு மாஸ்டர் காட்டிய ஆதாரம் அதுதான். கல்லூரி மண்டபத்துக்கும் விளையாட்டு மைதானத்துக்கும் காசு சேர்க்கும் நம் சங்கம் இதைக் கூட்டத்தில் எடுத்துப் பேசவேண்டும். பெரிய ஞானோபதேசத்தில் லூத்தர் இந்தக் கட்டளைக்குள் பெற்றோரின் இடத்தில் நிற்கும் மற்றவர்களையும் சேர்க்கிறார். ஊரில் பிள்ளைகள் அருகில் இல்லாமல் தனியே இருக்கும் நம் ஓய்வுபெற்ற ஆசிரியர்களின் பெயரும் விலாசமும் கொண்ட ஒரு பட்டியலை ஆவணி விடுமுறைக்கு முன் ஒவ்வொரு கிளையும் தயாரிக்கலாம். விடுமுறைக்குப் போகிறவர்கள் ஆளுக்கு இருவரைப் போய்ப் பார்க்கட்டும், மருந்துச் செலவைச் சங்கம் ஏற்கட்டும்.